உங்க வீட்ல அழுகின மாம்பழம், எங்க தோட்டத்துலயே அடிபட்டது

மாசி பிறந்தாச்சு. மாமரம் எல்லாம் பூத்து நிக்குது. காலையில தோட்டத்துக்குள்ள நுழைஞ்சா தேனீ சத்தம்தான். இந்த மாசத்துல எங்க பக்கம் இன்னொரு சத்தமும் கேக்கும், பைக் சத்தம். பூ பார்க்க வர்ற வியாபாரிங்க. வண்டியை வரப்பு ஓரமா நிறுத்திட்டு, மரம் மரமா அண்ணாந்து பார்த்துட்டு, மொத்தத் தோப்புக்கும் ஒரு தொகை சொல்லுவாங்க. ஒத்துக்கிட்டா பாதிப் பணம் உடனே கையில. மருந்தடிக்கிறது, காவல் காக்கிறது, பறிக்கிறது எல்லாம் அவங்க பாடு. இதைத்தான் குத்தகைன்னு சொல்றோம்.

போன வியாழக்கிழமை ஒருத்தர் வந்து பார்த்துட்டு நல்ல தொகைதான் சொன்னார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்கண்ணா, பக்கத்துத் தோப்பும் பேசிட்டு இருக்கேன்"னு சொல்லிட்டுப் போனார். மூத்த பொண்ணுக்கு ஜூன்ல காலேஜ் சேர்க்கணும். பாதிப் பணம் இப்பவே வந்தா அந்தக் கவலை விட்டுது. இருந்தும் வாய் நிறைய "சரி"ன்னு சொல்ல முடியலை. ஏன்னு உங்ககிட்டதான் சொல்லணும். மாம்பழம் வாங்குறது நீங்கதானே.

போன பதிவுல கிணறு தூர்வாரின கதை எழுதியிருந்தேன். இது அதைவிடக் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2024 ஜூன்ல சென்னையில இருக்கிற என் பள்ளிக்கூட சிநேகிதன் வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்பினான். ரெண்டா அறுத்த செந்தூரா பழம். மேல் தோல் செக்கச்செவேல்னு அழகா இருக்கு. உள்ளே ஒரு பக்கம் கன்னிப்போய் பழுப்பு நிறம், காம்புப் பக்கம் கருப்பு, கொட்டையைச் சுத்தி வெள்ளையா இருந்துச்சு. கீழே ஒரு வரி: "டேய், கிருஷ்ணகிரி மாம்பழம்னு சொல்லித்தான்டா வாங்குனேன். கிலோ 120 ரூபா. நாலுல ஒண்ணுதான் வாயில வெக்க முடிஞ்சுது."

எனக்குக் கோபம்தான் வந்துச்சு. கடைக்காரன் எப்ப வாங்கினதோ, எந்தக் கல்லை வெச்சுப் பழுக்க வெச்சானோ, அதுக்கு எங்க ஊரைச் சொல்றியான்னு பதில் போட்டேன். ஆனா அந்தப் படத்தை மறுபடி மறுபடி பார்க்கும்போது ஒண்ணு உறுத்திச்சு. அந்தப் பழத்துல இருந்த மூணு கோளாறுமே கடையில வந்ததில்லை. மரத்தடியில வந்தது.

கொட்டையைச் சுத்தி வெள்ளையா இருந்தா அது முத்தாத காய். எங்க ஊர்ல வெம்பல்னு சொல்லுவோம். அந்த வருஷம் வெயில் கொளுத்தி காய்ப்பு கம்மி, அதனால விலை நல்லா இருந்துச்சு. விலை நல்லா இருந்தா யாரும் காய் முத்துற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. காம்புக்குப் பக்கத்துல ரெண்டு தோளும் மேலெழும்பி, காம்பு குழிக்குள்ள உக்காந்த மாதிரி தெரியணும், தண்ணியில போட்டா காய் முங்கணும். இதெல்லாம் எங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் பறிக்கிறோம். பக்கத்துத் தோப்புக்காரர் பத்து நாள் முன்னாடி பறிச்சு வித்துட்டா, நான் பறிக்கும்போது விலை இறங்கிடுமேன்னு பயம்.

ஒரு பக்கம் கன்னிப்போனது கீழே விழுந்த அடி. காம்புப் பக்கக் கருப்பு, காம்போட ஒட்ட ஒடிச்சதால அந்த வாய் வழியா பூஞ்சை உள்ள போனது.

எப்படிப் பறிப்போம்னு சொல்றேன். காலையில ஆறு மணிக்கு ஆளுங்க வருவாங்க. ஒருத்தர் மரத்துல ஏறி கிளையைப் பிடிச்சு உலுக்குவார், இல்லைன்னா அலக்கால காம்பை முறுக்கி இழுப்பார். கீழே ரெண்டு பேர் சாக்கை விரிச்சுப் பிடிப்பாங்க. சாக்குல விழுறது பாதி, தரையில விழுறது மீதி. காம்பு ஒடியும்போது மாம்பால் பீச்சிக்கிட்டு வரும். நம்ம கையில பட்டா தோல் உரியும், அவ்வளவு காரம். காய் தோல்மேல பட்டா அந்த இடம் வெந்து, பழுக்கும்போது கருப்பா கோடு கோடா தெரியும். அப்படியே வெயில்ல குவிச்சு வைப்போம். மத்தியானம் கையை அந்தக் குவியலுக்குள்ள விட்டுப் பாருங்க, அடுப்பு மாதிரி கொதிக்கும்.

இதுல எதுவுமே அன்னைக்குக் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் விஷயமே. பச்சைக் காயில அடிபட்ட இடம் தெரியாது. தட்டிப் பார்த்தா கல்லு மாதிரி இருக்கும். அஞ்சு நாளோ ஆறு நாளோ கழிச்சு, காய் பழமா மாறும்போதுதான் அந்த இடம் கன்னிப்போய் இளகும். அதுக்குள்ள அது என் கையிலயும் இல்லை, மண்டிக்காரர் கையிலயும் இல்லை. என் சிநேகிதன் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல இருக்கு.

அந்தப் படம் வந்த ரெண்டாவது வாரம் எங்க காய் லோடு சென்னைக்குப் போச்சு. டிரைவர் தெரிஞ்ச பையன். நானும் ஏறி உக்காந்தேன். 250 கிலோமீட்டருக்கு மேல. வீட்ல சிரிச்சாங்க. மாங்காயோட துணைக்குப் போற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்னு எங்கம்மா சொன்னாங்க.

எண்ணிக்கிட்டே போனேன். மரத்துலருந்து சாக்கு, சாக்குலருந்து குவியல், குவியல்லருந்து கூடை, கூடையிலருந்து ட்ரெய்லர். எங்க ஊர் மண்டியில ட்ரெய்லர்லருந்து தரையில கொட்டி ஏலம். ஏலம் முடிஞ்சு தரம் பிரிச்சு கிரேட்ல அடைச்சது. சென்னையில கிரேட்டை இறக்கி அங்கேயும் தரையில கவிழ்த்தாங்க. மறுபடி பிரிச்சாங்க. சில்லறை வியாபாரி வந்து பொறுக்கி தன் கிரேட்ல போட்டுக்கிட்டார். வண்டியில ஏத்தி, கடையில இறக்கி, கடை முன்னாடி கோபுரமா அடுக்கினார். ஒரு மாங்காய் எத்தனை தடவை விழுந்து எழுந்திரிக்கும்னு பாருங்க. வீடு மாத்தும்போது கண்ணாடி டம்ளரை இத்தனை தடவை கொட்டி அள்ளுவோமா?

வழியில டிரைவர்கிட்ட கேட்டேன். "ஏம்பா, கிரேட்டை வாய் வரைக்கும் அடைச்சா பரவால்ல. வாய்க்கு மேல நாலு விரக்கடை நிக்குதே. மேல் கிரேட்டு அடிப்பாகம் முழுக்க காய் மேலதானே உக்காருது?"

"அண்ணா, வாடகை கிரேட்டுக்கு இவ்ளோன்னுதான். கிலோவுக்கு இல்ல. 20 கிலோ போட்டாலும் அதே வாடகை, 24 கிலோ போட்டாலும் அதே வாடகை. ஏத்துக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் கிரேட்டு கணக்குதான். அப்புறம் யாருண்ணா 20 போடுவாங்க?"

இதை எந்தப் பயிற்சி முகாம்லயும் எனக்கு யாரும் சொன்னதில்லை. ரெண்டு மூணு முகாமுக்குப் போயிருக்கேன். புரொஜெக்டர்ல படம் காட்டுவாங்க, "விவசாயிகளிடம் போதிய விழிப்புணர்வு இல்லை"ன்னு ஆரம்பிச்சு, குளிர்பதனக் கிடங்குல முடிப்பாங்க. நடுவுல டீ, வடை. கிரேட்டுக்கு நாலு கிலோ ஏன் கூடுதலா அடைக்கிறாங்கன்னு யாரும் கேட்டதில்லை. அந்த நாலு கிலோவால கீழ் கிரேட்டுல எத்தனை காய் நசுங்குதுன்னு டிரைவருக்குத் தெரியும், மண்டியில அடைக்கிற பையனுக்குத் தெரியும். ஆனா அந்த நஷ்டம் அவங்க ரெண்டு பேருக்கும் இல்லை.

சென்னையில அந்த லோடுலருந்து ஒரு கிரேட்டை மட்டும் காசு குடுத்து நானே திரும்ப வாங்கினேன். என் காயை நானே வாங்கின கூத்து. நேரா சிநேகிதன் வீட்டுக்குக் கொண்டுபோய் பரண்ல பேப்பர் விரிச்சுப் பரப்பி வெச்சேன். மொத்தம் 86 காய். ஆறாவது நாள் அவன் கணக்கு சொன்னான்: 19 குப்பைக்கு. இன்னொரு 20, கெட்ட பக்கத்தை அறுத்து வீசிட்டு மீதியைத் தின்னது. "இது உன் தோட்டத்துக் காய்தானே?"ன்னு கேட்டான். ஆமாம்னு சொன்னேன். அதுக்கு மேல அவன் ஒண்ணும் கேக்கலை. கேட்டிருந்தாக்கூடப் பரவால்ல.

இப்ப ஒரு கணக்கு. மேடையில பேசுறவங்க பழத்துல முப்பது நாப்பது சதவீதம் வீணாகுதுன்னு சொல்லுவாங்க. லூதியானாவுல அறுவடைக்குப் பின்னாடி வர்ற சேதத்தை ஆராய்ச்சி பண்றதுக்குன்னே மத்திய அரசு நிறுவனம் ஒண்ணு இருக்கு. அவங்க 2015ல வெளியிட்ட கணக்குல மாம்பழத்துக்கு 9.16 சதவீதம். கொய்யாவுக்குத்தான் அதிகம், 15.88. நூத்துக்கு ஒன்பதுதானான்னு முதல்ல எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. அப்புறம் புரிஞ்சுது. அது எடையில குறைஞ்ச கணக்கு. சாப்பிட முடியாம போனது மட்டும் அதுல வரும். மாம்பால் பட்டு கருப்புக் கோடு விழுந்ததால 40 ரூபாய்க்குப் போக வேண்டிய காய் 15 ரூபாய்க்குப் போனா, அது யாரோ ஒருத்தர் வயித்துக்குள்ள போயிடுச்சு, அதனால சேதம் இல்லை. 25 ரூபாய் மட்டும் காணாம போச்சு. அந்த 25 ரூபாய்தான் எங்க நஷ்டத்துல பெரிய பங்கு. அதை எண்ண ஆளில்லை.

சரி, ஒழுங்கா செஞ்சு பார்ப்போம்னு 2025 மே மாசம் இறங்கினேன்.

என்கிட்ட 140 மரம். 90 பெங்களூரா, நீங்க கிளிமூக்குன்னு சொல்றது. 30 செந்தூரா, 20 பங்கனப்பள்ளி. செந்தூராவுல மட்டும் செஞ்சு பார்த்தேன். கத்தி வெச்ச வலைக்கோல் நாலு வாங்கினேன். ஒரு விரல் நீளம் காம்போட பறிக்கிறது. தரையில படாம கிரேட்டுல இறக்கி நேரா நிழலுக்குக் கொண்டு வர்றது. அங்க காம்பை ஒட்ட நறுக்கி, காயைத் தலைகீழா ஒரு கம்பி வலை மேல கவிழ்த்து வைக்கிறது. பால் சொட்டு சொட்டா கீழே வடியும், தோல்ல படாது. அப்புறம் கழுவி, 52 டிகிரி சுடுதண்ணியில 5 நிமிஷம்.

இந்த சுடுதண்ணி சமாச்சாரம் கேட்டா சிரிப்பீங்க. கல்யாண அண்டாவுல தண்ணி காய வெச்சு, தெர்மாமீட்டரைக் கட்டித் தொங்கவிட்டு, மாங்காயைக் குளிப்பாட்டினேன். ஆந்த்ராக்னோஸ்னு ஒரு பூஞ்சை நோய். பூ சமயத்துலயும் பிஞ்சு சமயத்துலயும் மழை பேஞ்சா காய்ல ஒட்டிக்கும். பச்சையா இருக்கிற வரைக்கும் தூங்கும், பழுக்க ஆரம்பிச்சதும் எழுந்து கரும்புள்ளியா பரவும். அதை அடக்கத்தான் அந்த 5 நிமிஷக் குளியல். 55, 56 டிகிரிக்குப் போயிட்டா தோல் வெந்துடும்னு பயந்து என் சம்சாரம் அண்டா பக்கத்துலயே உக்காந்திருந்தா. விறகை இழுக்கிறது, தள்ளுறது, பச்சைத்தண்ணி ஊத்துறது. ரெண்டு நாள் அதுதான் வேலை.

பறிக்க வர்றவர் எனக்கு மாமா முறை. அறுபது வயசு தாண்டியும் மரம் ஏறுவார். எங்கப்பா காலத்துலருந்து எங்க தோப்புல பறிக்கிறார். வலைக்கோலைக் கையில குடுத்ததும் மேலயும் கீழயும் பார்த்தார்.

"ஏம்பா, இதை வெச்சு ஒண்ணொண்ணா புடுங்கிட்டு இருந்தா சாயங்காலத்துக்குள்ள எவ்ளோ ஆவும்?"

"ஆவுறது ஆவட்டும் மாமா. கூலி அதேதான்."

"கூலிக்கு சொல்லல. எம்மானம் போவுது. இந்த மரத்தை ஒரு உலுக்கு உலுக்குனா முடிஞ்சுது."

உலுக்கினா ரெண்டு ஆள் ஒரு நாள்ல 600 கிலோ செந்தூரா இறக்குவாங்க. வலைக்கோல்ல 350தான் ஆச்சு. ஆளுக்கு 700 ரூபாய் கூலின்னா, உலுக்கலுக்கு கிலோவுக்கு 2 ரூபாய் 33 காசு, வலைக்கோலுக்கு 4 ரூபாய். விறகு, பேப்பர், கழுவ ஆள் எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 5 ரூபாய் கூடுதலா ஆச்சு.

அதுல 40 கிரேட், கிரேட்டுக்கு 18 கிலோதான் போட்டு, பெங்களூருல எங்கக்கா பையன் இருக்கிற அபார்ட்மெண்டுக்கு அனுப்பினேன். அதே நாள், அதே மாதிரி பறிச்ச காய் 15 கிரேட்டை எங்க ஊர் மண்டிக்குக் கொண்டு போனேன். சோதிச்சுப் பார்க்கணுமே. எனக்கு முன்னாடி இன்னொருத்தர் காய் ஏலம் போச்சு. உலுக்கிப் பறிச்சது, ட்ரெய்லர்ல குவிச்சுக் கொண்டு வந்தது. கிலோ 28 ரூபாய். என் காய் வந்துச்சு. ஒருத்தர் ரெண்டு காயை எடுத்துப் பார்த்து முகர்ந்தார். "28". அவ்வளவுதான். கொட்டவேணாம்னு நான் கெஞ்சினதையும் மீறி 15 கிரேட்டையும் தரையில கவிழ்த்தாங்க. அந்தச் சத்தம் இருக்கே.

மண்டிக்காரரை ஓரமா கூப்பிட்டுக் கேட்டேன். நல்ல மனுஷன்தான், பொய் சொல்ல மாட்டார்.

"காய் சுத்தமா இருக்குதுண்ணா, இல்லேங்கல. ஆனா வாங்குறவன் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதானே? அடி பட்டுதா படலையான்னு அஞ்சு நாள் கழிச்சுத்தான் தெரியும். நீங்க சொல்றதை நம்பி ரெண்டு ரூபா சேர்த்துக் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் வந்து எங்காயும் வலைக்கோல்ல பறிச்சதுன்னுவாங்க. நான் யாரை நம்புறது?"

என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை. நான் சொல்ல வந்ததே இதுதாங்க. எங்களுக்கு அறிவு இல்லாம இல்லை, கருவி இல்லாம இல்லை. பதமா பறிச்சவனுக்கும் உலுக்கினவனுக்கும் ஒரே விலைன்னா எவன் பதமா பறிப்பான்? நான் 5 ரூபாய் கூடுதலா செலவழிச்சது நஷ்டம். உலுக்கினவர் செஞ்சது புத்திசாலித்தனம். அவரைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரலை. அடுத்த மாசம் பெங்களூராவுல நானே அவர் செஞ்சதைத்தான் செஞ்சேன்.

பெங்களூரா கதை தனிக் கதை. அது பெரும்பாலும் கூழ் ஃபேக்டரிக்குப் போற காய். உங்க ஊர்ல பாட்டில்ல, டப்பாவுல விக்கிற மாம்பழ ஜூஸ் பெரும்பாலும் அதுலருந்து வர்றதுதான். 2025 ஜூன்ல காய் எக்கச்சக்கம். ஃபேக்டரிகள்ல பழைய கூழே தேங்கிக் கிடக்குன்னு சொன்னாங்க. எனக்குச் சொன்ன விலை கிலோ 4 ரூபாய் 50 காசு. பறிப்பு 1.40, டிராக்டர் 75 காசு, ஏத்து இறக்கு 35 காசு, கழிவுன்னு எடையில பிடிச்சது 22 காசு, வாசல்ல ரெண்டு நாள் வரிசையில நின்னதுக்கு டிராக்டர்காரருக்கு 50 காசு. போக மிஞ்சினது 1 ரூபாய் 28 காசு. உரம், மருந்து, உழவு எல்லாம் அந்த 1.28க்குள்ள. ரெண்டு நாள் ஜூன் வெயில்ல ட்ரெய்லர்ல நின்ன காய் என்ன கதிக்கு ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அடியில இருந்தது சாறு ஒழுகி ரோடெல்லாம் ஈ.

பக்கத்து ஆந்திராவுல ஃபேக்டரி 8 ரூபாய் குடுக்கணும், அரசு 4 ரூபாய் சேர்க்கும்னு அறிவிச்சாங்க. சித்தூர் மாவட்டத்துல கர்நாடகக் காய் உள்ள வரக்கூடாதுன்னு தடையும் போட்டாங்க. இங்க நாங்க வரிசையில நின்னுட்டு செய்தி படிச்சோம்.

கடைசி 12 மரத்தை நான் பறிக்கவே இல்லை. பறிச்சா கைக்காசு போற நிலைமை. பழுத்துத் தானா விழுந்துச்சு. ஒரு வாரம் தோப்பெல்லாம் புளிச்ச வாசனை. பழ ஈ பெருகிடுமேன்னு அத்தனையையும் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைச்சேன். அதுக்குத் தனியா கூலி. எங்கம்மா திண்ணையில உக்காந்து பார்த்துட்டே இருந்தாங்க, ஒரு வார்த்தை பேசலை. இந்த மாதிரி வருஷத்துல யாராவது வந்து "சேதத்தைக் குறையுங்கள்"னு சொன்னா, எதுக்குன்னு கேக்கத் தோணும். மிச்சப்படுத்தின ஒவ்வொரு கிலோவும் சந்தையில இன்னொரு கிலோ. சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே விலை பேசி முடிக்காம, ஃபேக்டரி வாசல்ல எந்தத் தோப்புக்கு எந்த நாள்னு டோக்கன் குடுக்காம, பெங்களூராவுல சேதம் குறையப்போறதில்லை. குறைஞ்சாலும் விவசாயிக்கு அதுல ஒண்ணும் இல்லை.

குளிர்கிடங்கு பத்தி ஒரு வார்த்தை. எங்க பக்கத்துல குளிர்கிடங்குன்னா முதல்ல ஞாபகம் வர்றது புளிதான். வருஷம் முழுக்க புளியை வெச்சு விப்பாங்க. மாங்காய் அப்படி இல்லை. 12, 13 டிகிரிக்குக் கீழ போனா தோல் கருத்து, பழுக்காமலே கெட்டுப்போகும். சரியான குளிர்ல வெச்சாலும் ரெண்டு மூணு வாரம்தான். அதுவும் அடிபடாத காய்க்கு. அடிபட்ட காயைக் குளிர்ல வெச்சா, அழுகலைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், கரண்ட் பில்லோட.

பெங்களூரு 40 கிரேட் என்னாச்சுன்னு சொல்லலையே. அக்கா பையன் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வெச்சான். சுமார் 2,600 காய் போயிருக்கும். கெட்டுப்போச்சுன்னு வந்த புகார் 63. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. கிலோ 70 ரூபாய். செலவெல்லாம் போக மண்டியைவிட ரொம்ப நல்ல காசு.

ஆனா புகார் அதோட நிக்கலை. "காயா அனுப்பியிருக்கீங்க, ஏமாத்திட்டீங்க"ன்னு நாலு பேர். பச்சையா வர்றதுதான் நல்லது, அஞ்சு நாள்ல தானா பழுக்கும்னு விளக்கினோம். ஒருத்தர் கேக்காம திருப்பியே குடுத்துட்டார். பழுத்ததும் பக்கத்து வீட்டுக்காரங்க வாங்கித் தின்னுட்டாங்க, அது வேற. இன்னொரு அம்மா, மேல சிவப்பு வரலைன்னு கேட்டாங்க. கிளைக்குள்ள நிழல்ல இருந்த காய்க்கு சிவப்பு வராதும்மா, ருசி அதேதான்னு சொன்னேன். "கல்லு வெச்சதா?"ன்னு நிறைய பேர் கேட்டாங்க. நியாயமான பயம். கார்பைடு கல் சட்டப்படி தடை. எத்திலின் வாயுவுக்கு அனுமதி உண்டு, 100 பிபிஎம் வரைக்கும், அதுவும் அறைக்குள்ள வாயுவாத்தான். முத்தின காய்க்கு ரெண்டுமே தேவையில்லை, வைக்கோலும் பொறுமையும் போதும். ஏப்ரல் மொத வாரத்துலயே எங்களுக்கு மாம்பழம் வேணும்னு நீங்க கடையில கேக்கும்போதுதான், வெம்பலைப் பறிச்சு கல்லை வெச்சு நிறத்தை மட்டும் ஏத்தி அனுப்புறாங்க. உள்ளே புளிப்பா இருந்தா கடைக்காரரைத் திட்டுறோம்.

திட்டுறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. கடையில மாம்பழத்தைக் கட்டைவிரலால அமுக்கிப் பார்க்கிற பழக்கத்தைக் கொஞ்சம் விடுங்க. நாலு பேர் அமுக்கினா அஞ்சாவது ஆள் வீட்ல அந்த நாலு இடமும் கருப்பு. முகர்ந்து பாருங்க, காம்புப் பக்கம் வாசனை வந்தா பழம். இதை சென்னை மார்க்கெட்ல நின்னு ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு செந்தூராவை ஏழு பேர் அமுக்கிட்டு வெச்சுட்டுப் போனாங்க. எட்டாவதா வந்தவர் அதைத்தான் வாங்கிட்டுப் போனார்.

மண்டிக்காரர் கேட்டாரே, யாரை நம்புறதுன்னு. அதைத்தான் இந்த ஆறேழு மாசமா மண்டைக்குள்ள போட்டு உருட்டிட்டு இருக்கேன். காயை ஏலம் விட்ட அன்னைக்கே முழுப் பணமும் குடுக்காம, கிரேட்டுல தோப்புப் பேர் எழுதி, ஒரு வாரம் கழிச்சு எத்தனை கெட்டுதுன்னு பார்த்து மீதியைக் குடுக்கலாமே? பாலுக்கு கொழுப்பு பார்த்துக் காசு குடுக்கிறோம். கரும்புக்கு சர்க்கரைச் சத்து பார்க்கிறோம். மாங்காயில மட்டும் கண்ணால பார்த்ததோட சரி. நான் இதைச் சொன்னப்ப மண்டிக்காரர் சிரிச்சார். "சென்னைக்காரன் எல்லாத்தையும் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டா?" அதுவும் சரிதான். லாரி வாடகையை கிரேட்டு கணக்குலருந்து எடைக் கணக்குக்கு மாத்துறதாவது நடக்கும்னு நினைக்கிறேன். அதுக்கு யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை, எடைமேடை இருந்தா போதும்.

நேத்து ஞாயித்துக்கிழமை. காலையிலயே வியாபாரி வந்துட்டார். பெங்களூரா 90 மரத்தையும் அவருக்கே விட்டுட்டேன். விலை இறங்கினா அந்த அடியைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. செந்தூரா, பங்கனப்பள்ளி 50 மரத்தையும் வெச்சுக்கிட்டேன். தொகையில நல்லாவே குறைச்சுட்டார். "நல்ல காயெல்லாம் நீங்க வெச்சுக்கிட்டா எப்படிண்ணா"ன்னு முணுமுணுத்துட்டே அட்வான்ஸை எண்ணிக் குடுத்தார். காலேஜுக்கு இன்னும் கொஞ்சம் தேத்தணும். மே மாசம் காய் வித்துதான் பார்க்கணும்.

சாயங்காலம் மாமா வந்திருந்தார். திண்ணையில உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டே, "மறுபடியும் அந்த வலைதானா?"ன்னார்.

"ஆமா மாமா."

"அப்ப ஆளுக்கு நூறு சேர்த்துக் குடுத்துரு. கழுத்து வலிக்குது, நாள் பூரா அண்ணாந்தே இருக்கணும்."

சரின்னுட்டேன். லாரிக்காரப் பையனுக்கும் போன் போட்டேன், இந்த வருஷம் வாடகையை எடைக்குப் பேசலாமான்னு. முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்னான். இன்னும் கூப்பிடலை.